ஏரிக்காகப் பிறந்த கட்சி... ஏரிகள் நிறைஞ்ச நம்ம மாவட்டத்துல ஏன் வளரல?

2024, டிசம்பர் 2. விடியறதுக்கு முன்னாடியே எங்க கண்டாச்சிபுரம் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப் அலற ஆரம்பிச்சிருந்தது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ரெண்டு நாள்கூட ஆகல. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. அரசூர் பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே தண்ணீர் ஓடி, போக்குவரத்து நின்றது.

தண்ணி வடிஞ்ச பிறகு குரூப்பில் வழக்கமான சண்டை. வாய்க்காலை அடைச்சது யாரு, ஏரியைத் தூர் வாராம விட்டது யாரு, எந்தக் கட்சி ஆட்சியில எந்த மடை உடைஞ்சதுன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு. அதுக்கு நடுவுல ஒரு கேள்வி வந்து விழுந்தது: 'சாதிக்கு கட்சி இருக்கு, சினிமாவுக்கு கட்சி இருக்கு. ஏரிக்குன்னு ஏன்டா ஒரு கட்சி இல்ல?'

ஸ்மைலி போட்டுட்டு எல்லாரும் கடந்து போயிட்டாங்க. எனக்கு அந்தக் கேள்வி போகவே இல்ல. ஏன்னா, உலகத்தில் ஏரிக்குன்னு ஒரு கட்சி நிஜமாவே இருந்தது. பசுமைக் கட்சிகளின் கதையே அங்கதான் தொடங்குது.

ஓர் ஏரி, ஒரு மீட்டிங், ஒரு கட்சி

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கிற தீவு மாநிலம் டாஸ்மேனியா. அங்கே மலைகளுக்கு நடுவில் பெடர் என்று ஓர் ஏரி. நீர் மின்சாரத்துக்காக அணை கட்டி, அந்த ஏரியையே தண்ணீருக்குள் மூழ்கடிக்கும் திட்டம் வந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ரெண்டும் திட்டத்துக்கு ஆதரவு. எதிர்த்த மக்களுக்கு ஓட்டுப் போட ஆளே இல்லை.

1972 மார்ச்சில், தலைநகர் ஹோபார்ட்டின் நகர மண்டபத்தில் கூட்டம் போட்டு அவங்களே ஒரு கட்சியைத் தொடங்கினாங்க. பெயர், ஐக்கிய டாஸ்மேனியா குழு. உலகின் முதல் பசுமைக் கட்சி என்று பரவலாகச் சொல்லப்படுவது இதைத்தான். அடுத்த மாதமே தேர்தலில் நின்றது. ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஏரியும் மூழ்கிப்போனது.

ஆனால், அந்தக் கூட்டம் கலையவில்லை. பத்து வருடம் கழித்து, அதே டாஸ்மேனியாவில் ஃபிராங்க்ளின் ஆற்றில் அணை கட்ட முயன்றபோது பெரிய போராட்டம் வெடித்தது. 1983-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத் தீர்ப்போடு அந்த அணை நின்றது. போராட்டத்தின் முகமாக இருந்த பாப் பிரவுன், மாநில சட்டமன்றத்துக்குள் போனார். 1992-ல் அகில ஆஸ்திரேலிய அளவில் 'கிரீன்ஸ்' கட்சி உருவானது.

ஏரியில் தோற்று, ஆற்றில் ஜெயித்து, 20 வருடம் கழித்துத் தேசியக் கட்சி. சரி, இது தீவு, காடு, ஆறு சம்பந்தப்பட்ட கதை. நகரத்துக்குள் இந்தக் கட்சி எப்படி வந்தது? அதுக்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையைப் பார்க்கணும்.

மெல்போர்னில் ஒரு தமிழ் மேயர்

சமந்தா ரத்னம். இலங்கைத் தமிழர். உள்நாட்டுப் போரால் நாட்டை விட்டு வெளியேறிய குடும்பம், கடைசியில் மெல்போர்னில் குடியேறியது. அங்கே அவர் சமூகப் பணியாளராக வேலை பார்த்தார்.

2012-ல், மெல்போர்னின் வடக்குப் பகுதியில் உள்ள மோர்லேண்ட் நகரசபைத் தேர்தலில் கிரீன்ஸ் வேட்பாளராக ஜெயித்தார். (அந்த நகரசபையின் இன்றைய பெயர் மெரி-பெக்.) 2015-ல் மேயரானார். அந்த நகரசபையில் கிரீன்ஸ் கட்சிக்குக் கிடைத்த முதல் மேயர் அவர்தான். 2017-ல் விக்டோரியா மாநில மேலவைக்குப் போனார். அதே வருடம் மாநிலக் கட்சியின் தலைவரும் ஆனார். 2024 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 2025 நாடாளுமன்றத் தேர்தலில் வில்ஸ் தொகுதியில் நின்று, குறைந்த வித்தியாசத்தில் தோற்றார்.

முதலில் கவுன்சிலர், பிறகு மேயர், அதுக்கப்புறம்தான் மாநிலத் தலைவர். இந்த வரிசையைக் கவனிங்க. நம்ம ஊரில் பெரும்பாலும் இது தலைகீழ். கட்சி தொடங்கும்போதே தலைவர்தான் முதல்வர் வேட்பாளர். வார்டெல்லாம் பிறகு யோசிக்கிற விஷயம்.

இன்னொரு விஷயமும் அவருக்குக் கைகொடுத்தது. அது தேர்தல் விதி. அன்றைய மோர்லேண்டில் ஒரு வார்டுக்கு ஒரே கவுன்சிலர் இல்லை. மொத்தம் 3 பெரிய வார்டுகள், 11 கவுன்சிலர்கள். தெற்கு வார்டுக்கு மட்டும் 3 இடம். வாக்காளர் ஒரே ஒருவருக்கு முத்திரை குத்தாமல், யார் முதல் விருப்பம், யார் இரண்டாவது என்று 1, 2, 3 போட வேண்டும்.

3 இடம் உள்ள வார்டில் மொத்த ஓட்டில் கால் பங்கைத் தாண்டினாலே ஓர் இடம் உறுதி. ஏன் கால் பங்கு? நாலு பேர் ஒரே நேரத்தில் தலா கால் பங்கைத் தாண்ட முடியாது இல்லையா? அதிகபட்சம் மூணு பேர்தான் முடியும். அவ்வளவுதான் கணக்கு. 100 பேரில் 26 பேர் 'எனக்கு இந்தக் கட்சி வேணும்' என்று சொன்னால், அந்த 26 பேருக்கும் மன்றத்தில் ஒரு குரல் கிடைக்கும்.

நம்ம வார்டில் அதே 26 பேர் ஓட்டுப் போட்டால்? இன்னொருத்தர் 30 வாங்கியிருந்தால் கதை முடிஞ்சது. 'நல்லவன்தான்பா, ஆனா அவனுக்குப் போட்டா ஓட்டு வேஸ்ட்'னு டீக்கடையில் சொல்றாங்களே, அது மக்களோட குணம் மட்டும் இல்ல. விதி அவங்களை அப்படிப் பேச வைக்குது.

5.3% - அங்கே 6, இங்கே 0

இந்த விதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரே எண்ணை வைத்து ரெண்டு ஊரைப் பார்க்கலாம்.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ஃப்ரைபுர்க் நகரத்துக்குப் பக்கத்தில் வீல் என்று ஒரு கிராமம். 1975-ல் அங்கே அணுமின் நிலையம் கட்ட வந்தபோது, திராட்சை விவசாயிகளும் மாணவர்களும் சேர்ந்து அந்த இடத்தையே ஆக்கிரமித்து உட்கார்ந்தாங்க. கடைசிவரை அங்கே அணு உலை வரவே இல்லை. இப்படிப்பட்ட போராட்டங்களில் இருந்த ஆட்கள் சேர்ந்து, 1980 ஜனவரியில் பசுமைக் கட்சியைத் தொடங்கினாங்க.

அதே 1980-ல், அந்த மாநிலமான பாடன்-வுர்ட்டெம்பெர்க்கின் சட்டமன்றத் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்த ஓட்டு 5.3 சதவிகிதம். இடங்கள், 6. அங்கே 5 சதவிகிதத்தைத் தாண்டினால் ஓட்டுக்கு ஏற்ப இடம் கிடைக்கும். அந்த ஆறு பேரில் ஒருவரான வின்ஃப்ரீட் கிரெட்ச்மன், 31 வருடம் கழித்து, 2011-ல் அதே மாநிலத்தின் முதல்வர் ஆனார். ஜெர்மனியின் முதல் பசுமைக் கட்சி முதல்வர் அவர்.

இப்போ தமிழ்நாட்டுக்கு வாங்க. 2016 சட்டமன்றத் தேர்தலில் தனித்து நின்ற பா.ம.க-வுக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட அதே 5.3 சதவிகிதம்தான். இடங்கள், பூஜ்யம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 8 சதவிகிதத்துக்கு மேல் வாங்கியது. இடங்கள், பூஜ்யம். இந்த ரெண்டு கட்சியையும் பசுமைக் கட்சின்னு நான் சொல்ல வரல. அவங்க அரசியலின் அடித்தளம் வேறு. மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கிற ஓட்டு, நம்ம முறையில் எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

அப்போ விதிதான் எல்லாமேவா? விதி மாறாத வரைக்கும் இங்கே சின்னக் கட்சிக்கு வேலையே இல்லையா? அப்படின்னா இந்தக் கட்டுரை இங்கேயே முடிஞ்சிருக்கணும். ஆனா, பிரிஸ்டல்னு ஒரு ஊர் இருக்கே!

நம்ம விதிதான்... ஆனாலும் ஜெயிச்சாங்க

'அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார்' என்கிற முறையை நாம் வாங்கியதே பிரிட்டனிடமிருந்துதான். இங்கிலாந்தின் நகரசபைத் தேர்தல்கள் இன்றைக்கும் அதே முறையில்தான் நடக்குது. அந்த நாட்டில், சுமார் 4.7 லட்சம் மக்கள் வாழும் துறைமுக நகரம் பிரிஸ்டல்.

அங்கே பசுமைக் கட்சிக்கு முதல் கவுன்சிலர் கிடைத்தது 2006-ல். ஒரே ஒருவர். 2016-ல் 70 இடங்களில் 11. 2021-ல் 24, அந்த முறை லேபர் கட்சிக்குச் சமம். 2024 மே மாதம் 34. பெரும்பான்மைக்கு ரெண்டு இடம்தான் குறைவு. நகரசபையின் தலைமை அந்தக் கட்சியின் கைக்கு வந்தது. ரெண்டு மாதம் கழித்து, பிரிஸ்டல் மத்திய தொகுதியில் அந்தக் கட்சியின் கார்லா டெனியர் நாடாளுமன்றத்துக்கும் ஜெயித்தார். காற்றாலைத் துறையில் இன்ஜினீயராக வேலை பார்த்தவர் அவர். 2015 முதல் அதே நகரில் கவுன்சிலர். 2018 நவம்பரில் 'காலநிலை அவசரநிலை' தீர்மானத்தை நகரசபையில் கொண்டுவந்து நிறைவேற்றியவர். பிரிட்டனில் அப்படி ஒரு தீர்மானம் போட்ட முதல் நகரசபை பிரிஸ்டல்தான்.

1, 11, 24, 34. பதினெட்டு வருடம். ரகசியம் பெருசா ஒண்ணும் இல்லை. பரவிக் கிடந்தால் தோற்கிற 10 சதவிகித ஓட்டு, ஒரே வார்டில் குவிந்தால் ஜெயிக்கும். அதனால் முதலில் ஒரு வார்டு. அங்கே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது, தெருவிளக்கு முதல் மரம் வெட்டுவது வரை கேட்பது, தேர்தல் இல்லாத வருடத்திலும் துண்டறிக்கை போடுவது. அந்த வார்டு கைக்கு வந்ததும், 'இவங்களுக்குப் போட்டா ஓட்டு வேஸ்ட்' என்கிற பேச்சு பக்கத்து வார்டில் செத்துப்போகும். பிறகு பக்கத்து வார்டு. அதுக்குப் பக்கத்து வார்டு.

ஜெயிச்சா மட்டும் போதுமா? குப்பை அள்ளணுமே!

இந்தக் கதையை இதோட நிறுத்தினால் அது விளம்பரம். பாதிக் கதை இன்னும் இருக்கு.

பிரிட்டனில் பசுமைக் கட்சி தலைமையேற்ற முதல் நகரசபை பிரிஸ்டல் இல்லை. கடலோர நகரமான பிரைட்டன். 2011-ல் 54 இடங்களில் 23 ஜெயித்து, தனிப்பெரும் கட்சியாகப் பொறுப்புக்கு வந்தாங்க. ரெண்டே வருடத்தில், 2013-ல், தூய்மைப் பணியாளர்களின் ஊதியப் படிகளை மாற்றப்போக, அவங்க வேலைநிறுத்தத்தில் இறங்கினாங்க. சுற்றுச்சூழலுக்காகவே பிறந்த கட்சி ஆளும் ஊரில், தெருத்தெருவாகக் குப்பை மலை! கட்சிக்குள்ளேயே கோஷ்டிப் பூசல் வேற. 2015-ல் 23 இடம் 11 ஆனது. 2019-ல் 19-க்கு ஏறி, 2020-ல் மறுபடி பொறுப்புக்கு வந்தாங்க. 2023-ல் 7-க்கு விழுந்தாங்க.

மெல்போர்னிலும் இதே பாடம் உண்டு. அங்கே யாரா என்ற நகரசபையில் 2020-ல் 9 இடங்களில் 5 ஜெயித்து, விக்டோரியாவில் முதல்முறையாக ஒரு நகரசபையில் தனிப் பெரும்பான்மை பிடித்தது கிரீன்ஸ். 2024 தேர்தலில் ஒரு வார்டுக்கு ஒரே கவுன்சிலர் என்று முறை மாறியிருந்தது. பெரும்பான்மை போய்விட்டது. பிரிஸ்டலிலும் பொறுப்புக்கு வந்த சில மாதங்களில், 2025 தொடக்கத்தில், 'குப்பைத் தொட்டியைக் காலி செய்யும் இடைவெளியை அதிகமாக்கலாமா?' என்று மக்களிடம் கருத்துக் கேட்டது நகரசபை. எதிர்ப்பு கிளம்பியது.

உலகம் சூடாவதைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும், காலை 7 மணிக்குக் குப்பை வண்டி வரலைன்னா மக்கள் மன்னிக்க மாட்டாங்க. ஒரு விதத்தில் இது நியாயமான பரீட்சைதான். சுற்றுச்சூழல் என்பது துருவக் கரடி மட்டும் இல்லையே. தெருமுனைக் குப்பையும் அதுதான்.

இடிந்தகரையும் திண்டிவனமும்

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். இங்கே ஏன் வளரல?

போராட்டம் இல்லாததாலா? நிச்சயமா இல்லை. 2011-ல் இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக உட்கார்ந்த மக்களை உலகமே திரும்பிப் பார்த்தது. 2018-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து 13 உயிர்கள் போனது. சென்னை - சேலம் எட்டுவழிச் சாலை, டெல்டாவில் ஹைட்ரோகார்பன் என்று பட்டியல் நீளம். வீல் கிராமத்துக்கு எந்த விதத்திலும் குறைவில்லாத ஊர்கள் நம்மிடம் இருக்கு.

கட்சியாக மாற்றும் முயற்சியும் நடந்தது. கூடங்குளம் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப.உதயகுமார், 2014-ல் ஆம் ஆத்மி சார்பில் கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதியில் நின்று தோற்றார். பிறகு 'பச்சைத் தமிழகம்' கட்சியைத் தொடங்கி, 2016-ல் கூடங்குளமும் இடிந்தகரையும் அடங்கிய ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் நின்றார். அங்கேயும் தோல்வி. அந்த ராதாபுரத்தில் அ.தி.மு.க-வுக்கும் தி.மு.க-வுக்கும் இடையில் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு என்பது தமிழ்நாடே அறிந்த கதை. இப்படி ரெண்டு பெரிய கட்சிகள் கழுத்துக்குக் கழுத்து ஓடும் இடத்தில், மூன்றாவது ஆளுக்கு ஓட்டுப் போட எவ்வளவு துணிச்சல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

இங்கே நான் கவனிச்ச விஷயம் ஒண்ணு. முதல் அடியே நாடாளுமன்றம், ரெண்டாவது அடி சட்டமன்றம். பிரிஸ்டலில் எட்டாவது படியாக வந்ததை, இங்கே முதல் படியாக வைக்க வேண்டியிருந்தது. போராட்டம் தந்த வேகம் அப்படி. குறை சொல்வதற்காக இல்லை. போராட்டக்காரர்களுக்குத் தேர்தல் வருவதற்குள் வழக்குகளே நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன.

இன்னொரு பக்கம், எங்க மாவட்டத்தின் கதை. திண்டிவனத்தில் டாக்டராக இருந்த ராமதாஸ், 1989-ல் பா.ம.க-வைத் தொடங்கினார். 1995-ல் பசுமைத் தாயகம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பையும் தொடங்கினார். ஏரி, குளம், காலநிலை மாற்றம் என்று அந்த அமைப்பு தொடர்ந்து பேசி வருது. ஒரு கட்சி தனக்குப் பக்கத்தில் சுற்றுச்சூழலுக்கென்றே ஓர் அமைப்பை 30 வருடங்களாக வைத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால், தேர்தல் நேரத்தில் இந்தப் பகுதியில் அந்தக் கட்சிக்கு ஓட்டு வருவதும் வராமல் போவதும் ஏரியை வைத்து இல்லை என்பது இங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். சாதி, கூட்டணி, வேட்பாளர் என்ற கணக்குகள் முன்னாடி நிற்கும். இது அந்த ஒரு கட்சிக்கு மட்டும் இல்லை, எல்லாக் கட்சிக்கும் பொருந்தும்.

மூணாவது காரணம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. இங்கே பெரிய கட்சிகள் பச்சை விஷயங்களை விழுங்கி ஜீரணிச்சிடும். 2019 ஜனவரி 1-ல் பிளாஸ்டிக் தடை, 2020-ல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம்... ரெண்டும் அ.தி.மு.க ஆட்சியில். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை', அதே மாதம் மரக்காணம் பக்கத்தில் உள்ள கழுவேலி பறவைகள் சரணாலயம் அறிவிப்பு... ரெண்டும் தி.மு.க ஆட்சியில். 2024 ஆகஸ்ட்டில் கழுவேலிக்கு ராம்சார் அங்கீகாரமும் வந்தது. நல்ல விஷயங்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால், கோரிக்கையைப் பெரிய கட்சியே எடுத்துக்கொண்டால், 'தனிக் கட்சி எதுக்கு?' என்ற கேள்வி வந்துவிடும்.

சரி, நம்ம வார்டு கணக்கு என்ன?

கால்குலேட்டரை எடுங்க. 2011 கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகராட்சியின் மக்கள்தொகை 96,253. வார்டுகள் 42. ஒரு வார்டுக்குச் சராசரியாக 2,300 பேர்கூட இல்லை. திண்டிவனத்தில் 72,796 பேர், 33 வார்டுகள். சராசரி சுமார் 2,200. பிரிஸ்டலில் ஒரு கவுன்சிலருக்கு 6,700-க்கு மேல்!

குழந்தைகள், ஓட்டுப் போடாதவர்களைக் கழித்துவிட்டு, ஒரு வார்டில் 1,400 ஓட்டு விழுகிறது என்று வையுங்கள். நாலு முனைப் போட்டி என்றால் 500, 550 ஓட்டில் ஜெயிக்கலாம். ஐந்நூறு ஓட்டு என்பது எவ்வளவு? நாலஞ்சு தெரு. உங்க அம்மாவுக்குப் பேர் சொல்லித் தெரிந்த வீடுகள். அதனால்தான் ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் சுயேச்சைகள் ஜெயிக்கிறாங்க. 2021 அக்டோபரில் விழுப்புரம் உட்பட 9 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், கட்சியாகக்கூட மாறாமல் இருந்த விஜய் மக்கள் இயக்கத்தினர் சுயேச்சைகளாக நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட பதவிகளில் ஜெயித்ததாக அறிவித்ததும் இந்தக் கணக்கில்தான்.

கிராமத்தில் கதை இன்னும் சுலபம். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. ஏரிக்காக நிற்க விரும்புகிறவர் கட்சி தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. வயது 21 ஆகியிருந்தால் போதும். உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கீடு என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க தோழிகளே.

'ஜெயிச்சு என்ன பண்றது? கவுன்சிலருக்கு என்ன பவர் இருக்கு?' நியாயமான கேள்வி. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. குடிநீர், திடக்கழிவு, நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கு. ஆனால், பட்டியலில் இருப்பது வேறு, பணமும் அதிகாரமும் கையில் வருவது வேறு. ஏரி விஷயத்தில் இன்னொரு சிக்கல். சுமார் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் ஏரி என்றால் நீர்வளத்துறையின் கையில். அதற்குக் குறைவு என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். வரத்து வாய்க்கால் சில இடங்களில் வருவாய்த்துறைக் கணக்கில் மட்டும் உயிரோடு இருக்கும். உங்க ஊர் ஏரிக்காகக் குரல் கொடுக்கும் முன், அது யார் ஏரி என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

ஆனாலும், வாய்க்கால் மேல் ஒரு கட்டடத்துக்குத் திட்ட அனுமதி வரும்போதும், குப்பைக் கிடங்குக்கு இடம் பார்க்கும்போதும், மழைநீர் வடிகால் எந்தத் தெரு வழியாகப் போகணும் என்று முடிவாகும்போதும், மன்றத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்க ஓர் ஆள் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கு. விழுப்புரம் புதிய பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி. பெருமழை பெய்தால் பஸ் ஸ்டாண்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கோம். தண்ணீர் வேற எங்கேயும் போகல. தன் பழைய வீட்டுக்குத்தான் திரும்பி வருது. அந்த இடம் முடிவானபோது, 'இது ஏரியாச்சே' என்று மன்றத்துக்குள் எழுந்து நிற்கிற ஒரு கட்சி இருந்திருந்தால், முடிவு மாறியிருக்குமோ இல்லையோ, பேச்சாவது நடந்திருக்கும்.

கட்சி வரும் வரைக்கும்?

காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 முறை கிராமசபை கூடணும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஏரி, வாய்க்கால் பற்றித் தீர்மானம் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் ஏது? நகரங்களிலும் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியிருக்கு. போய்ப் பாருங்க. நாற்காலிகள் காலியாத்தான் இருக்கும். இருபது பேர் ஒரே கோரிக்கையோடு போனால், அந்தக் கூட்டத்தில் நீங்கதான் பெரிய கட்சி.

2021 அக்டோபரில் எங்க மாவட்டத்துக் கிராமங்களில் தேர்வானவர்களுக்குப் பதவிக்காலம் 5 வருடம். 2022 பிப்ரவரியில் நகராட்சிகளுக்குத் தேர்வானவர்களுக்கும் அதே 5 வருடம். அடுத்த தேர்தல் எப்போன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

எங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் இப்போ பதில் அனுப்பியிருக்கேன். 'ஏரிக்குக் கட்சி இல்லைதான்டா. ஆனா ஏரிக்கு ஒரு வார்டு இருக்கு. அந்த வார்டுல நாலு தெரு இருக்கு. அதுல ஒரு தெருவுல நீ இருக்க.'

ப்ளூ டிக் வந்திருக்கு. பதில் இன்னும் வரல.